வாங்கில் இருந்தவர் பயிற்றுவிப்பாளரானால்: ஸ்டீவ் கேர், ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்டீவ் கேர் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடியது 910 ஆட்டங்கள். அதில் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 30 தடவை. மிச்சம் 880 ஆட்டங்களிலும் முதல் பந்து மேலே போகும்போது அவர் மாற்று வீரர்களின் வாங்கில்தான் இருந்தார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 6 புள்ளி. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் வீரராக ஐந்து, பயிற்றுவிப்பாளராக நான்கு என்று ஒன்பது சாம்பியன் பட்டங்களில் இந்த மனிதரின் பெயர் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளரும் இவர்தான்.

இதற்கு வழக்கமாக இரண்டு விளக்கம் சொல்வார்கள். பில் ஜாக்சன், கிரெக் பொப்போவிச் என்ற இரண்டு பெரிய பயிற்றுவிப்பாளர்களிடம் படித்தவர் என்பது ஒன்று. ஸ்டீபன் கரி போல ஒரு நட்சத்திர வீரர் கையில் இருந்தால் எவரும் வெல்லலாம் என்பது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த இருவரிடமும் ஆடியவர்கள் எத்தனையோ பேர். கேர் 2014இல் பொறுப்பேற்ற கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணி, கரியை வைத்துக்கொண்டே அதுவரை பிளேஓஃப்பில் (பருவம் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகளில்) இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. நான் காட்ட நினைப்பது வேறொரு இடத்தை. அந்த 880 ஆட்டங்களும் வாங்கில் இருந்து பார்த்ததுதான் கேரைப் பயிற்றுவிப்பாளர் ஆக்கியது என்பது என் எண்ணம். அதே வாங்குதான் அவருடைய சில பிழைகளுக்கும் காரணம் என்று படுகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வன்னியில் இந்தக் கதை எதற்கு

வன்னியில் கூடைப்பந்தாட்டம் பெரிய விளையாட்டு இல்லை. ஊருக்கு ஊர் உதைபந்தும் கரப்பந்தும், பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்தாட்டம். கூடைப்பந்து யாழ்ப்பாணத்துப் பழைய கல்லூரிகளின் விளையாட்டு என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தில் இருந்து பிறந்தது என்பதும், இரண்டுக்கும் வளையத்தின் உயரம் ஒரே 3.05 மீற்றர் என்பதும் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். வளையத்தின் அகலம்தான் வேறு: கூடைப்பந்தில் 45 சென்ரிமீற்றர், வலைப்பந்தில் 38. பின்னால் பலகையும் இல்லை. அதனால் எங்கள் பிள்ளைகள் எறிவதுதான் கஷ்டமான எறிதல் என்று அவர்களிடம் சொல்லுவேன். அதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கிறது, பரவாயில்லை.

வலைப்பந்தில் பட்டியலில் பன்னிரண்டு பேர், களத்தில் ஏழு பேர். மிச்சம் ஐந்து பேர் எங்கே? கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வலய மட்டப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். கிறவல் மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் பிளாஸ்டிக் கதிரை நாலைந்து. அதில் அதிபரும் விருந்தினரும் இருப்பார்கள். ஐந்து பிள்ளைகளும் நிலத்தில். அவர்களுக்கு வேலை குறைவில்லை. தண்ணிப் போத்தல் நிரப்ப வேண்டும், ஆடுகிறவர்களின் பைகளையும் செருப்புகளையும் பார்க்க வேண்டும், இடைவேளைக்கு முன் தோடம்பழம் வெட்டி வைக்க வேண்டும். ஒரு பிள்ளை வந்து கேட்கும்: “சேர், நான் இண்டைக்கு இறங்குவனோ?” சேரின் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “பாப்பம் பிள்ளை.”

அடுத்த தவணை அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வராது. கேட்டால் ரியூசன் என்று சொல்லும். எங்கள் பக்கத்தில் விளையாட்டை விடுகிற பிள்ளை எப்போதும் சொல்லுகிற காரணம் அதுதான், தாய் தகப்பனும் மறுத்துச் சொல்லமாட்டார்கள். உண்மையான காரணம் அந்த “பாப்பம்”.

இந்தக் கண்ணோடுதான் கேரின் வாழ்க்கையைப் படித்தேன்.

பெய்ரூத்தில் இருந்து அரிசோனாவுக்கு

கேர் பிறந்தது 1965இல், லெபனானின் பெய்ரூத்தில். தகப்பன் மல்கம் கேர் மத்திய கிழக்கு அரசியலைப் படித்த பேராசிரியர். 1982இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1983 கோடையில் பெற்றோரைப் பார்க்கப் போன மகன் திரும்பி வர முடியாமல் நின்றார். விமான நிலையம் ஷெல் அடியில் பூட்டப்பட்டது. கடைசியில் மலைப்பாதையால் சிரியாவுக்கும் அங்கிருந்து ஜோர்தானுக்கும் காரில் போய்த்தான் வெளியேறினார். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை பூட்டப்பட்ட நாட்களைக் கண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த வருடம் அரிசோனாப் பல்கலைக்கழகத்துக்கு லூட் ஓல்சன் புதிய பயிற்றுவிப்பாளராக வந்திருந்தார். கேரைக் கேட்டு வந்த பெரிய பல்கலைக்கழகங்கள் வேறு இல்லை. ஒல்லி, மெதுவான கால், உயரப் பாயவும் முடியாது. கொன்சாகாப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தடவை போய் ஆடிக் காட்டியிருக்கிறார். அங்கே அவரை எதிர்த்து ஆடிய ஒரு மாணவன் அவரை வைத்துத் துவைத்துவிட, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த மாணவனின் பெயர் ஜோன் ஸ்டொக்டன். பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

1984 ஜனவரி 18. மல்கம் கேர் தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது 18 வயது. இரண்டு நாள் கழித்து அரிசோனா ஸ்டேட் அணியோடு ஆட்டம். மௌன அஞ்சலியின்போது அழுதுகொண்டு நின்றவர், பிறகு வாங்கில் இருந்து எழும்பி வந்து எறிந்த முதல் பந்து வலைக்குள் போனது. 1988இல் அதே எதிரணியின் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் பயிற்சி எறிதல் செய்துகொண்டிருந்தபோது, ரசிகர் கூட்டம் ஒன்று அவருடைய தகப்பனின் சாவைச் சொல்லிக் கத்தியது. பந்தைக் கீழே விட்டுவிட்டுப் போய் நடுங்கிக்கொண்டு இருந்தார். பிறகு ஆட்டத்தின் முதல் பாதியில், தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று எறிகிற மூன்று புள்ளி எறிதல் ஆறு எறிந்து ஆறையும் போட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வன்னியில் தகப்பன் இல்லாத, தகப்பன் எங்கே என்றே தெரியாத பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் இந்தக் கதையை எடுத்துச் சொல்ல ஆசைப்படுவார்கள். “பாருங்கோ, இழப்பு வந்தாலும் அவர் எப்படி நிமிர்ந்தார்” என்று. நான் சொல்வதில்லை. கேருக்கு அந்தக் கிழமையில் போய் நிற்க ஒரு மைதானமும், பக்கத்தில் நிற்கப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள் என்பதைத்தான் இதில் இருந்து எடுக்க வேண்டும். ஆறு எறிதல் ஆறும் போவது எல்லாருக்கும் நடக்கிற காரியம் இல்லை. நடக்காத பிள்ளைக்கு அது இன்னொரு தோல்வியாகப் போய்விடும்.

இடையில் 1986இல், ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணத்தில், அமெரிக்க அணிக்காக ஆடும்போது முழங்கால் போனது. ஒரு பருவம் முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்த 1987-88 பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 57ஐத் தாண்டினார், அணி பல்கலைக்கழகங்களின் தேசியப் போட்டியில் இறுதி நான்கு அணிகளுக்குள் போனது. அரையிறுதியில் கேர் எறிந்தது 13, விழுந்தது 2. அணி தோற்றது.

கூப்பிடும்வரை

என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கிற 1988 தெரிவில் அவர் 50ஆம் ஆள். பீனிக்ஸ், கிளீவ்லாந்து, ஒர்லாண்டோ என்று அலைந்து 1993இல் சிக்காகோ புல்ஸுக்கு வந்தார். 1994-95 பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் 52.4 வீதம். உண்மையைச் சொன்னால், அந்தப் பருவம் தொடங்கி மூன்று பருவங்களுக்கு லீக் மூன்று புள்ளிக் கோட்டினைக் கிட்டக் கொண்டுவந்திருந்தது. முன்பு 23 அடி 9 அங்குலம், அப்போது 22 அடி. அதைக் கழித்துப் பார்த்தாலும் அவருடைய வாழ்நாள் வீதமான 45.4ஐ இன்றுவரை எவரும் முந்தவில்லை.

எண்ணை விட அதை அடைந்த விதம்தான் எனக்கு முக்கியம். முக்கால் மணி நேரம் உடம்பு குளிர இருந்துவிட்டு, திடீரென்று கூப்பிட்டால் எழும்பிப் போய், கையில் வரும் முதல் பந்தைப் போட வேண்டும். தொடக்க வீரருக்கு நாலு பந்து பிழைத்தாலும் ஐந்தாவது இருக்கிறது. வாங்கு வீரருக்கு ஒன்றுதான். அது பிழைத்தால் திரும்ப வாங்கு.

1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் இதற்கு நல்ல சாட்சி. யூட்டா ஜாஸ் அணியோடு 86-86 என்று சமநிலை. டைம் அவுட்டில் மைக்கேல் ஜோர்டானும் கேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். கடைசிப் பந்து ஜோர்டானுக்குத்தான் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். எதிரணி இரண்டு பேராக வந்து தன்னை மறிக்கும் என்பது ஜோர்டானுக்குத் தெரியும். கேரைக் காத்து நிற்கிறவர் விட்டுவிட்டு வந்தால் பந்து உனக்கு என்கிறார் ஜோர்டான். நான் தயாராக நிற்பேன் என்கிறார் கேர். அப்படியே நடந்தது. விட்டுவிட்டு வந்தவர், 14 வருடத்துக்கு முன் கொன்சாகாவில் கேரைத் துவைத்த அதே ஸ்டொக்டன். கேர் 17 அடியில் இருந்து எறிந்தார், முடிய ஐந்து செக்கன் இருந்தது. புல்ஸ் 90-86 என்று வென்றது. பிறகு நடந்த வெற்றிக் கூட்டத்தில் கேர் எழும்பி, ஜோர்டானுக்கு இந்த மாதிரி நேரங்களில் பயமாம், அதனால் நான் காப்பாற்ற வேண்டி வந்தது என்று பகிடி விட்டார். ஊரே சிரித்தது.

இதற்குள் ஒரு சின்ன விடயம் இருக்கிறது. அந்த டைம் அவுட்டில் கேருக்கு என்ன வேலை என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டது. “பாப்பம்” என்று யாரும் சொல்லவில்லை.

சிக்காகோவில் மூன்று பட்டம் (1996, 1997, 1998), பிறகு சன் அன்டோனியோ ஸ்பேர்ஸில் இரண்டு (1999, 2003). 2003இல் அவருக்கு வயது 37, பிளேஓஃப்பில் பெரும்பாலும் வாங்குதான். மேற்குப் பிரிவு இறுதியின் ஆறாவது ஆட்டத்தில், டலாஸில், அணி பின்னால் நின்றபோது பொப்போவிச் அவரைக் கூப்பிட்டார். நாலு மூன்று புள்ளி எறிதல், நாலும் உள்ளே. ஸ்பேர்ஸ் இறுதிக்குப் போனது. அந்த வருடமே கேர் ஓய்வு பெற்றார்.

பீனிக்ஸில் பிழைத்தது

ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சியில் வர்ணனை. 2007இல் பீனிக்ஸ் சன்ஸ் அணியின் பொது முகாமையாளர். இந்தப் பகுதியை நிறையப் பேர் தாவிப் போய்விடுவார்கள். எனக்கு இது இல்லாமல் மிச்சம் விளங்காது.

ஸ்டீவ் நாஷை வைத்து மின்னல் வேகத்தில் ஆடுகிற அணி அது. கேர் 2008இல் ஷோன் மரியனைக் கொடுத்து, வயது போன, பாரமான ஷகீல் ஓ'நீலை எடுத்தார். அதே வருடம் பயிற்றுவிப்பாளர் மைக் டி'அன்டோனி போய்விட, டெரி போர்ட்டரைக் கொண்டுவந்தார். அணி வேகம் குறைந்தது, முகம் மாறியது. பருவத்தின் நடுவிலேயே போர்ட்டரை நீக்கி உதவியாளர் அல்வின் ஜென்ட்ரியிடம் ஒப்படைத்தார். ஜென்ட்ரி பழைய வேகத்தைத் திரும்பக் கொண்டுவர, 2010இல் அணி மேற்குப் பிரிவு இறுதிவரை போனது. கேர் அதே வருடம் பதவியை விட்டார்.

இருக்கிற ஆட்களுக்குப் பொருந்தாத ஆட்டத்தை மேலே இருந்து திணித்தால் என்ன நடக்கும் என்பதைச் சம்பளத்தோடு படித்த மூன்று வருடம் அது. 2014இல் வொரியர்ஸ் அவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக எடுத்தபோது அவர் ஓர் அணியையும் அதுவரை பயிற்றுவித்ததில்லை. உதவியாளராகக்கூட இருந்ததில்லை. அவர் முதலில் கூப்பிட்ட உதவியாளர்களில் ஒருவர் அதே ஜென்ட்ரி.

இகுடாலாவை இருத்தியது

வொரியர்ஸ் மோசமான அணியாக இருக்கவில்லை. முந்திய பருவத்தில் 51 வெற்றி, 31 தோல்வி. ஆனால் பந்தைக் கைமாற்றுவதில் லீக்கிலேயே கடைசி. கேர் ஓர் ஆட்டத்துக்கு 300 பாஸ் வேண்டும் என்று இலக்கு வைத்தார். கரி மட்டும் ஓடி ஓடி எறியாமல் ஐந்து பேர் கையும் பந்தைத் தொட வேண்டும். பந்து தொடாதவன் பாதுகாப்பிலும் ஓடமாட்டான். இதை ஒரு வாங்கு வீரர் அறிந்த மாதிரி வேறு யார் அறிவார்?

அதோடு இன்னொன்றும் செய்தார். அன்ட்ரே இகுடாலா அதுவரை ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்க வீரர். ஒலிம்பிக் தங்கம் வென்றவர், நட்சத்திர ஆட்டத்தில் ஆடியவர். அவரை வாங்குக்கு அனுப்பி, இளையவரான ஹரிசன் பார்ன்ஸைத் தொடக்கத்தில் போட்டார். இகுடாலாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஏற்றுக்கொண்டார். டேவிட் லீயின் கதை இன்னும் கடினம். அவர் காயப்பட்ட நேரம் உள்ளே வந்த டிரேமண்ட் கிரீன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, லீ திரும்பி வந்தபோது இடம் இல்லை. இரண்டு மூத்தவர்களும் அணியைக் குழப்பியிருக்கலாம். குழப்பவில்லை.

ஏன் குழப்பவில்லை? சொன்னவர் யார் என்பது இங்கே பேசுகிறது. வாங்கில் இருந்து பட்டம் வெல்லலாம் என்று ஜோர்டான் வந்து சொன்னால் யார் நம்புவார்? கேர் சொன்னால், பட்டத்துக்கு ஒன்றாகக் கையில் ஐந்து சாம்பியன் மோதிரம் இருக்கிறது.

அந்தப் பருவம் 67 வெற்றி, 15 தோல்வி. கிளீவ்லாந்தோடு நடந்த இறுதித் தொடரில் 1-2 என்று பின்னால் நின்றபோது, நிக் யூரன் என்ற 28 வயது உதவியாளர் முந்திய வருட இறுதித் தொடரின் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். உயரமான அன்ட்ரூ போகட்டை இருத்தி, இகுடாலாவை முதலில் இறக்குவோம் என்று. கேர் கேட்டார். ஆட்டத்துக்கு முன் பத்திரிகையாளர்களிடம் மாற்றம் ஒன்றும் இல்லை என்று பொய்யும் சொன்னார், பிறகு அதைத் தானே ஒப்புக்கொண்டு சிரித்தார். தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்று, 40 வருடத்துக்குப் பிறகு அணிக்குப் பட்டம் கிடைத்தது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் இகுடாலா. வழமையான பருவத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காத ஒருவர் அந்த விருதை எடுத்தது அதுவே முதல் தடவை.

கீழ்நிலையில் இருக்கிற ஒருவர் சொன்ன யோசனைக்குப் பெயர் சொல்லிப் புகழ் கொடுத்ததையும் கவனியுங்கள். எங்கள் பக்கம் உதவி ரீச்சர் சொன்ன யோசனை வென்றால் அது சேரின் யோசனை. தோற்றால் ரீச்சருடையது.

அடுத்த பருவம் முதுகுச் சத்திரசிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலால் கேர் முதல் 43 ஆட்டங்களுக்கு வரவில்லை. உதவியாளர் லூக் வோல்டன் நடத்தினார், 39 வெற்றி, 4 தோல்வி. முழுப் பருவம் 73-9. அதுவரை சாதனையாக இருந்த 72-10, 1995-96 சிக்காகோவினுடையது. அந்த அணியின் வாங்கிலும் கேர் இருந்தார். ஆனால் 2016 இறுதித் தொடரில் 3-1 என்று முன்னால் நின்று தோற்றதும் இதே அணிதான்.

பலகையைக் கொடுத்த நாள்

2018 பெப்ரவரி 12, பீனிக்ஸோடு ஆட்டம். அணி சோர்ந்துபோய் இருந்தது. மூன்று வருடமாக இறுதிவரை போய் வந்தவர்களுக்குப் பயிற்றுவிப்பாளரின் குரல் காதில் ஏறவில்லை என்று கேருக்குப் பட்டது. அன்று காலைப் பயிற்சியையும் டைம் அவுட்டுகளையும் வீரர்களிடமே கொடுத்துவிட்டார். பயிற்றுவிப்பாளர் ஆட்டத் திட்டம் வரைந்து காட்டுகிற பலகையை இகுடாலா வாங்கி வரைந்தார், பிறகு கிரீன், பிறகு டேவிட் வெஸ்ட். கேர் பின்னால் நின்றார். முடிவு 129-83. அவமதித்துவிட்டார்கள் என்று பீனிக்ஸ் பக்கத்தில் சிலர் கோபப்பட்டார்கள். அணி வீரர்களுடையது, அதை அவர்களே கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் கேர் சொன்ன காரணம்.

இதை நான் எங்கள் வலைப்பந்துப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன், ஒரு மாற்றத்தோடு. பலகையை வெளியே இருக்கிறவர்களிடம் கொடுத்தேன். முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பு. பிறகு ஒரு பிள்ளை மெல்லிய குரலில், “அவை இடது பக்கத்தால போகவே இல்லை சேர், எல்லாப் பந்தும் வலதாலதான் வருது” என்றது. அது சரி. எனக்குத் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் நான் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் பிள்ளைகளை. வாங்கில் இருக்கிறவர் முழு ஆட்டத்தையும் பார்க்கிறார். யாரும் கேட்காதபடியால் அது வீணாகப் போகிறது.

இரண்டு குத்து

1995 பருவத்துக்கு முந்திய பயிற்சியில் ஜோர்டானும் கேரும் முட்டிக்கொண்டார்கள். கேர் நெஞ்சில் இடித்தார், ஜோர்டான் முகத்தில் குத்தினார். கண் கறுத்தது. அன்றே ஜோர்டான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் மரியாதை கூடியது என்று கேர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

2022 ஒக்டோபரில், இந்த முறை கேர் பயிற்றுவிப்பாளர். பயிற்சியின்போது டிரேமண்ட் கிரீன் சக வீரர் ஜோர்டன் பூலைக் குத்தினார். வீடியோ வெளியே வந்து உலகமே பார்த்தது. கிரீனுக்குத் தண்டப்பணம், சில நாள் விலகியிருத்தல், ஆனால் ஆட்டத் தடை இல்லை. அந்தப் பருவம் அணிக்குள் ஒட்டவே இல்லை. வெளி மைதானங்களில் 11 வெற்றி, 30 தோல்வி. முந்திய வருடச் சாம்பியன்கள் இரண்டாம் சுற்றில் வீட்டுக்குப் போனார்கள், பூல் வோஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். அந்தச் சம்பவம் அணியின் நம்பிக்கையை உடைத்தது என்று கேரே பிறகு ஏற்றுக்கொண்டார்.

முடிவு அவர் தனியாக எடுத்தது இல்லை, முகாமைத்துவமும் சேர்ந்துதான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். தன் வாழ்க்கையில் குத்து வாங்கியது நல்லபடியாக முடிந்த மனிதர், இதுவும் அப்படி முடியும் என்று நம்பியிருப்பாரோ? 1995இல் வீடியோ வெளியே போகவில்லை. அடித்தவர் அன்றே மன்னிப்புக் கேட்டார், அடி வாங்கியவருக்கு 30 வயது. பூலுக்கு 23. “என்னையும் அந்தக் காலத்தில் சேர் அடிச்சவர், நான் நல்லா வரேல்லையே?” என்று எங்கள் ஊரில் கேட்கிறவர்களின் நியாயத்தோடு இதை வைத்துப் பாருங்கள். வாங்கின அடியில் தப்பி வந்தவர் சொல்கிற கதை மட்டும்தான் எங்கள் காதுக்கு வருகிறது. விலகிப் போனவர் கூட்டத்துக்கே வருவதில்லை.

வாங்கு எல்லாருக்கும் ஒன்றில்லை

கேர் மீதான பெரிய குற்றச்சாட்டு இளையவர்களைப் பற்றியது. 2020 தெரிவில் இரண்டாம் ஆளாக எடுத்த ஜேம்ஸ் வைஸ்மன் ஒழுங்காக ஆட நேரம் கிடைக்காமலே 2023இல் வேறு அணிக்குப் போனார். ஜோனதன் குமிங்கா ஆடுவதும் இருப்பதுமாகப் பல பருவம் இழுபட்டார். இகுடாலாவுக்கு 30 வயதில் வேலை செய்த வைத்தியம் இருபது வயதில் வேலை செய்யவில்லை. இகுடாலா தன் பெயரைச் செய்துவிட்டு வாங்குக்கு வந்தவர். இளையவனுக்குத் தான் யார் என்று காட்ட இன்னும் நேரமே கிடைக்கவில்லை.

கேரின் கதையில் வன்னிக்கு நேரே பொருந்தாத இடம் இதுதான். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்த இளையவர் பக்கம். ஒப்பந்தம் இல்லை, சம்பளம் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் போய்விடும். பொறுத்திரு, உன் நேரம் வரும் என்று அதற்குச் சொல்ல எங்களிடம் நேரம் இல்லை.

பாரிஸில் இதே வேலையின் இன்னொரு முகம் தெரிந்தது. சேர்பியாவோடு நடந்த முதல் ஆட்டத்தில், அந்த வருடம் பொஸ்டனோடு பட்டம் வென்று வந்த ஜேசன் டேட்டத்தைக் கேர் ஒரு நிமிடமும் இறக்கவில்லை. அவரை ஆடவைக்காதது தனக்கே மடைத்தனமாகப் படுகிறது என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். பிறகும் அதே சேர்பியாவோடு நடந்த அரையிறுதியில் திரும்ப இருத்தினார். அமெரிக்கா 17 புள்ளி பின்னால் போய், 95-91 என்று தப்பியது. இறுதியில் பிரான்ஸை 98-87 என்று வென்றார்கள். நாற்பது நிமிடத்தைப் பன்னிரண்டு நட்சத்திரத்துக்குப் பிரிக்க முடியாது என்பது கேருக்குத் தெரியும், அதைத் தன் வாயால் சொல்லுவார். டேட்டம் கோபத்தோடு இருந்திருக்கலாம், ஆனால் குழம்பிப்போய் இருக்கவில்லை.

எங்களிடம் வலயப் போட்டிக்கு முன் பக்கத்துப் பாடசாலைகளோடு சினேகபூர்வ ஆட்டங்கள் நடக்கும். மல்லாவியில் இருந்து ஓர் அணி வரும், புதுக்குடியிருப்பில் இருந்து ஒன்று வரும். அதிலும் முதல் தர ஏழு பேரையே இறக்குகிற வழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது, தோற்றால் ஊர் கதைக்கும் என்ற பயம். அந்த ஆட்டங்களை முழுக்க மற்ற ஐந்து பேருக்குக் கொடுத்து, குறைகிற இரண்டு இடத்துக்கு மட்டும் பழையவர்களைச் சேர்க்கலாம். போட்டி நாளுக்கு முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு நீ இறங்குவாய், மூன்றாம் கால் பகுதியில், இன்ன இடத்தில் என்றோ, நாளைக்கு இறங்கமாட்டாய், காரணம் இது என்றோ சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்லுவது கஷ்டம். ஐந்து நிமிடம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சினேகபூர்வ ஆட்டத்துக்குக் கேடயம் கிடையாதபடியால் அதிபர்மாரும் பெரிதாகத் தடை சொல்லமாட்டார்கள்.